‘ஆயிடும்’ சார்

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். ரேஷன் கார்டிலோ ஓட்டர் லிஸ்டிலோ எழுதியிருக்கும். ஆனால் கள்ளக்குறிச்சியில் வீடு கட்டிய யாரைக் கேட்டாலும் ‘ஆயிடும் சார்’ என்றுதான் சொல்வார்கள். கடைத்தெருவில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. ஏறிப்போகிற படிக்கட்டுக்குக் கைப்பிடி கிடையாது. ஊருக்கெல்லாம் படி இத்தனை அடி அகலம், கைப்பிடி இத்தனை அடி உயரம் என்று பிளான் வரைந்து அனுமதிக்கு அனுப்புகிற மனுஷன், தன் படிக்கு ஒரு கம்பி வைத்துக்கொள்ளவில்லை. முதல் தடவை ஏறும்போதே என் வீட்டுக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: “இவுரு படியே இந்த லட்சணத்துல இருக்குது. நம்ப வூட்ட இன்னா பண்ணப்போறாரோ!”

மெலிந்த ஆள். சட்டைப் பையில் பேனா இருக்கும். பேனாவுக்குப் பக்கத்தில் காகிதத்தில் மடித்த பாதி ஷேவிங் பிளேடு இருக்கும். டிரேசிங் பேப்பரில் மையால் போட்ட கோட்டை ரப்பரால் அழிக்க முடியாதாம். பிளேடால் சுரண்ட வேண்டும். சர்க் சர்க் என்று சுரண்டி, வாயால் ஊதி, கட்டைவிரல் நகத்தால் தேய்த்துவிட்டால், அங்கே கோடு இருந்ததற்கே சாட்சி இருக்காது. கம்ப்யூட்டரில் பிளான் போடுகிற பிள்ளைகள் ஊர் முழுக்க வந்துவிட்ட பிறகும், அவர் முதலில் கையால்தான் வரைவார்.

யார் என்ன கேட்டாலும் பதில் ஒன்றுதான். தலை நிமிராது, பேனா நிற்காது. “ஆயிடும்ங்க.” மாடி ஏற்ற வேண்டுமா, ஆயிடும். பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டிக் கட்ட வேண்டுமா, ஆயிடும். இடம் இருப்பது ஒன்றே முக்கால் சென்ட், அதில் மூன்று பெட்ரூம் வேண்டுமா, அதுவும் ஆயிடும். ஆகாது என்று அவர் வாயால் கேட்டவர்கள் அப்போது யாரும் கிடையாது.

ஒரு நாள் நாங்கள் உட்கார்ந்திருக்கும்போது வடக்கனந்தல் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். வீட்டோடு சேர்த்து ஒரு அறை இழுக்க வேண்டும். பக்கவாட்டில் இடம் விட்டால்தான் அனுமதி கிடைக்கும். இடம் விட வேண்டிய பக்கத்தில் அவருடைய மாட்டுக் கொட்டாய் நிற்கிறது.

“கொட்டாயி இருக்குதே சார், இன்னா பண்றது?”

“எங்க இருக்குது?”

“வூட்டுக்குத் தெக்கால.”

இவர் பிளானில் விரலை வைத்தார். “இங்க இல்லியேங்க.”

“காயிதத்துல இல்ல சார். தரையில இருக்குது.”

“காயிதத்துல இல்லாதது தரையிலயும் இல்லீங்க. யாருனா பாக்க வந்தா அன்னிக்கு மட்டும் கீத்தப் பிரிச்சிட்டு, மாட்ட ஓட்டிக்கினு போயி கொல்லியில கட்டுங்க. ஆயிடும்.”

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாரே என்று நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கே என்மேல் ஆத்திரமாக வருகிறது.

அவருக்கு மனிதர்களின் பெயரும் நினைவில் நிற்காது. பத்திரத்தில் கிழக்கே யார், மேற்கே யார் என்று நான்கு எல்லை எழுதுவார்களே, அதை வைத்துத்தான் ஆளை அடையாளம் சொல்வார். மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருப்பேன். பின்னாலிருந்து குரல் வரும்: “இன்னாம்மா, மேக்க வாத்தியாரு, கெழக்க காலிமனை, சௌக்கியமா?” காய்க்காரிக்குச் சிரிப்பு தாங்காது. அவர் மட்டும் சிரிக்க மாட்டார். ‘கெழக்க காலிமனை’ என்று சொன்னதும் ஒரு கணம் நிற்பார். பிறகு விறுவிறுவென்று போய்விடுவார். என்ன அவசரமோ என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் வீட்டுக்கு பிளான் போட்டவர் அவர்தான். கச்சிராயப்பாளையம் ரோட்டில், முன்பு கரும்பும் நெல்லும் விளைந்த நிலத்தை மனை பிரித்து விற்றார்கள். அதில் ஒரு மனை வாங்கினோம். பத்திரம் என் பெயரில். என் வீட்டுக்காரர் வெள்ளிமலைக்குப் போகிற பஸ்ஸில் டிரைவர். நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். அளவு எடுக்காமல் தைத்துக் கொடு என்று யாராவது கேட்டால் கத்திரியைத் தூக்கி எறிந்துவிடுவேன். அதனால் பிளான் போடக் கொடுத்த அன்றைக்கே கேட்டேன்: “எடத்த ஒருவாட்டி வந்து பாக்க மாட்டீங்களா சார்?”

“எல்லாம் பத்திரத்துல இருக்குதும்மா. எடத்தப் பாத்தா எனக்குக் கை வராது.”

அவர் வந்து பார்க்காமலே வீடு எழும்பியது. கிரகப்பிரவேசத்துக்குத் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு போய் அழைத்தேன். ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்தனுப்பினார், ஆள் வரவில்லை. பிறகு கேட்டதற்கு, “நான் போட்ட வூட்டுக்குள்ள நான் போறதில்லம்மா. பழக்கம் ஆயிடுச்சி” என்றார். வீட்டுக்குள் என்ன, எங்கள் தெருவுக்குள்ளேயே அவர் வண்டி நுழையாது. பக்கத்துத் தெருவில் வேலை இருந்தால்கூட டிவிஎஸ்ஸை மெயின் ரோடு வழியாகச் சுற்றிக்கொண்டு போவார். பெரிய மகாராஜா என்று வைதுகொண்டு அதோடு மறந்துவிட்டேன்.

வீட்டுக்குக் கிழக்கே எங்கள் மனையிலேயே கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. அதற்கு அப்பால் காலிமனை. அந்த மிச்ச இடத்தில் எதுவும் நிற்காது. முருங்கை வைத்தேன், இரண்டு தடவை சாய்ந்தது. தென்னம்பிள்ளை ஒரு பக்கமாகக் குனிந்துகொண்டே போய்ச் செத்தது. ஆனால் எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் தேங்காது; கொட்டக் கொட்ட மண் குடித்துவிடும். வாத்தியார் வீட்டு வாசலில் முழங்கால் அளவு நிற்கும்போது எங்கள் கிழக்குப் பக்கம் காய்ந்து கிடக்கும். “நம்ப எடத்துக்கு ராசி அப்டி” என்று பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். மடச்சி.

மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துபோனது. அவர் என்னை மருமகள் என்று ஒரு நாளும் அதட்டியவர் இல்லை; நான் தைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கொக்கி கட்டிக் கொடுத்தவர். கழிவறை வீட்டுக்குப் பின்னால், மூன்று படி இறங்கிப் போக வேண்டும். ஒருநாள் இறங்கும்போது விழுந்து நெற்றியைப் பிளந்துகொண்டார். ஐந்து தையல். என் கையைப் பிடித்துக்கொண்டு குழறிக் குழறிச் சொன்னார்: “எனக்கு ஒண்ணுக்குப் போறதுக்கு ஒரு வழி பண்ணும்மா.” அதற்கு மேல் ஒருத்தியால் என்ன தாங்க முடியும்! கிழக்குப் பக்கம் ஒரு அறை, அதற்குள்ளேயே ஒரு கழிவறை, படி இல்லாமல் சமதரையாக. அவர் இருக்கிற வரைக்கும் விழாமல் இருக்க வேண்டும். எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

பேங்கில் லோன் கிடைக்க அனுமதி வாங்கிய பிளான் வேண்டும் என்றார்கள். மறுபடியும் அந்தக் கைப்பிடி இல்லாத படியில் ஏறினோம்.

விஷயத்தைச் சொன்னோம். பேனா நகர்ந்துகொண்டிருந்தது. “ஆயிடும்ங்க” என்று பாதி சொல்லியும்விட்டார். பிறகு கேட்டார்: “எந்தப் பக்கம் இழுக்கறீங்க?”

“கெழக்கால சார்.”

பேனா நின்றது. அவர் தலை நிமிர்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கண் இரண்டும் சிவந்து, பழுப்பேறி, தூக்கமே காணாத கண்ணாக இருந்தது. எழுந்து போய் பீரோவைத் திறந்தார். எதையோ எடுக்கப் போனவர், எடுக்காமலே மூடினார். வந்து உட்கார்ந்தார்.

“வேணாம்ங்க” என்றார்.

“இன்னா சார்?”

“கெழக்கால வேணாம். மாடில போட்டுக்கங்க.”

“கால் வராத மனுசன மாடில ஏத்தச் சொல்றீங்களா?” எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஊருக்கெல்லாம் ஆயிடும். மாட்டுக் கொட்டாயே மறஞ்சிபோவும். எங்களுக்கு மட்டும் ஆவாதா? இன்னா காரணம், அதச் சொல்லுங்க.”

அவர் வாயைத் திறந்தார். நாக்கு அசைவதுகூடத் தெரிந்தது. பிறகு மூடிக்கொண்டார். “வேணாம்மா. கேளுங்க” என்றார், அவ்வளவுதான்.

படி இறங்கும்போது என் வீட்டுக்காரர் சொன்னார்: “துட்டு ஜாஸ்தி கேக்கறதுக்கு இது ஒரு வழிடி. நாம போயி தொங்கணும், அப்ப ‘ஆயிடும்’னுவாரு.” நானும் அதைத்தான் நம்பினேன். நாற்பது வருஷம் எல்லாவற்றுக்கும் தலையாட்டிய ஆள் ஒருநாள் வேண்டாம் என்றால், அந்த வேண்டாமை யார் நம்புவார்கள்?

இப்போதுதான் ஆன்லைன் வந்துவிட்டதே. சின்ன வீடுகளுக்கு நாமே உறுதிமொழி கொடுத்தால் போதும், யாரும் வந்து பார்க்காமலே அனுமதி வந்துவிடும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரில் பிளான் போடுகிற ஒரு பெண்ணிடம் போனேன். அவள் படபடவென்று கேட்டாள்.

“எடம் உங்க பேர்லதானாக்கா?”

“ஆமா.”

“கெணறு, ஓடை, வாய்க்கா எதுனா இருக்குதா?”

“எதுவும் இல்ல.”

“சொன்னதெல்லாம் உண்மைன்னு இங்க ஒரு கையெழுத்துக்கா.”

போட்டேன். வழியில் காய்கறி வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேருவதற்குள் போனில் அனுமதி வந்திருந்தது. என் வீட்டுக்காரர் அதைத் தெரு முழுக்கக் காட்டினார். ‘ஆயிடும் சாருக்கு இனிமே வேல இல்ல’ என்று சிரித்தார்.

கடைக்கால் தோண்ட ரிஷிவந்தியத்திலிருந்து மேஸ்திரி வந்தார். அரை நாளில் தோண்டி முடித்துவிட்டார்கள். கடப்பாறைக்கே வேலையில்லை, மண்வெட்டி சர்ரென்று இறங்கியது. “மண்ணு சாம்ப மாரி கருப்பா இருக்குதேம்மா” என்றார் மேஸ்திரி. கையில் எடுத்துக் காட்டினார். ரைஸ் மில் உமிச் சாம்பல் மாதிரித்தான் இருந்தது. “முன்ன செங்கல் சூளை இருந்திருக்கும்” என்றார் என் வீட்டுக்காரர். எல்லோரும் அதை ஒத்துக்கொண்டோம். இந்தப் பக்கத்தில் சூளை இல்லாத ஊர் ஏது?

மாமா அந்த அறைக்குப் போன அன்று குழந்தை மாதிரி சிரித்தார். சுவரைப் பிடித்தபடி தானே கழிவறைக்குப் போய்வந்து, உலகத்தையே ஜெயித்தவர் போலக் கட்டிலில் உட்கார்ந்தார். நான் சமையற்கட்டில் போய் நின்றுகொண்டு அழுதேன்.

பத்து நாள் போயிருக்கும். வாசலில் டிவிஎஸ் சத்தம். பார்த்தால் ‘ஆயிடும் சார்’ நிற்கிறார். எங்கள் தெருவில்! என் வீட்டு வாசலில்!

“ரூம ஒருவாட்டி பாத்துக்கட்டுமாம்மா?”

பொறாமையில் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பார்க்கட்டுமே என்று விட்டேன். பழைய வீட்டுக்கும் புது அறைக்கும் நடுவில் இருக்கிற நிலைப்படி வரை வந்தார். உள்ளே காலை வைக்கவில்லை. எட்டி எட்டிப் பார்த்தார். பழைய சுவரும் புதுச் சுவரும் சேருகிற இடத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல் இருந்தது. புதுச் சுவர் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று மேஸ்திரி ஏற்கெனவே சொல்லியிருந்தார். இவர் பையிலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு டிரேசிங் பேப்பர் பட்டையையும் கோந்து பாட்டிலையும் எடுத்தார். விரிசலுக்குக் குறுக்கே, பிளாஸ்திரி மாதிரி, நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்றபடியே கையை நீட்டி ஒட்டினார். அதன்மேல் தேதி எழுதினார்.

“இது இன்னா சார்?”

“கிழியுதான்னு பாக்கறதுக்கும்மா.”

“கிழிஞ்சா?”

கோந்து பாட்டிலை மூடினார். மாமாவைப் பார்த்து, “பெரியவரே, கட்டில இந்தப் பக்கமா தள்ளிப் போட்டுக்கங்க. கெழக்கு மூலையில வேணாம்” என்றார்.

அதிலிருந்து வாரா வாரம் வந்தார். வந்தால் நிலைப்படிக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்காருவார். உள்ளே கட்டிலில் மாமா. இரண்டு பேரும் கரும்பு விலை, அணையில் தண்ணீர் என்று ஏதாவது பேசிக்கொண்டிருப்பார்கள். மாமாவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அவர் பேச்சைப் பொறுமையாகக் கேட்க வேறு யார் வருகிறார்கள்? எனக்குத்தான் அந்த ஆள் வந்தாலே பிடிக்காது. பேசிக்கொண்டிருக்கும்போதே கண் தரைக்குப் போகும், பேப்பருக்குப் போகும், மறுபடி தரைக்கு வரும். சாவு வீட்டுக்கு முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருக்கிற ஆள் மாதிரி இருந்தார்.

தீபாவளிக்கு முன்னால் சுவரைத் துடைத்தபோது அந்தப் பேப்பரைச் சுரண்டி எறிந்துவிட்டு, விரிசலில் பட்டி வைத்துப் பூசி பெயிண்ட் அடித்தேன். அந்த வாரம் வந்தவர் சுவரைப் பார்த்ததும் பதறிவிட்டார். “எடுத்துட்டீங்களாம்மா? தப்பும்மா, ரொம்பத் தப்பு” என்று இன்னொன்று ஒட்டினார். “பல்லி எச்சம் மாரி எத்தினிதான் ஒட்டுவீங்க?” என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன். பாவம், வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

ஐப்பசியில் மலைப் பக்கம் வானம் இறங்கியது. எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் தெரிகிற கல்வராயன் மலை இரண்டு நாளாகக் காணாமல் போயிருந்தது. மழை விடவே இல்லை. என் வீட்டுக்காரர் வெள்ளிமலைக்கு பஸ் எடுத்துக்கொண்டு போனவர், பாதையில் மரம் விழுந்து மேலேயே மாட்டிக்கொண்டார். போன் போகவில்லை.

மூன்றாம் நாள் காலையில் மாமாவுக்கு டீ கொண்டுபோனேன். பேப்பர் நடுவில் கிழிந்திருந்தது. பல்லி கிழித்திருக்கும் என்று முதலில் நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தால், கிழிந்த இரண்டு பாதிக்கும் நடுவில் என் சுண்டுவிரல் போகிற அளவுக்கு இடைவெளி. டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் வாசலுக்கு ஓடினேன். கொட்டுகிற மழையில், உரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, அவர் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார். “கிழிஞ்சிடுச்சா?” என்று மட்டும் கேட்டார். என் முகத்தைப் பார்த்ததும் பதிலுக்குக்கூட நிற்கவில்லை. நேராக உள்ளே போனார். நிலைப்படியைத் தாண்டி அறைக்குள் அவர் கால் போனதை அன்றுதான் பார்த்தேன்.

“நீங்க தோளப் புடிங்கம்மா, நான் காலப் புடிச்சிக்கிறேன். வெரசா!”

மாமா பயந்து குழறினார். “கோலு... என் கோலு...” சுவரில் சாய்த்து வைத்திருந்த ஊன்றுகோல் கீழே விழுந்தது. யாரும் தொடாமலே அது கிழக்கு மூலையைப் பார்த்து உருள ஆரம்பித்தது. மெதுவாக உருண்டு போய் மூலையில் முட்டி நின்றது. சமதரையாகப் போடச் சொல்லி, டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்து நானே பார்த்து வாங்கிய தரை அது.

மாமாவைப் பழைய கூடத்தில் கொண்டுவந்து கிடத்தினோம். அவர் கால் கட்டைவிரல் நிலைப்படியில் இடித்து ரத்தம் வந்தது. அதைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே, லாரியிலிருந்து அரிசி மூட்டை இறக்கிப் போடுகிற மாதிரி ஒரு சத்தம். ஒன்று. பிறகு இன்னொன்று. கட்டில் சரிந்தது. டைல்ஸ் அப்பளமாக நொறுங்கியது. கிழக்குப் பாதி அப்படியே இறங்கி, கழிவறையோடு உள்ளே போய்விட்டது. உடைந்த தரைக்கு அடியில் கருங்கல் கட்டு தெரிந்தது. வளைவாக, பிறை மாதிரி, வரிசை குலையாமல் அடுக்கிய கல். மிச்ச வட்டம் காலிமனைக்கு அடியில் போயிற்று. கிணறு என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எத்தனை ஆழமோ, யார் யார் தோண்டியதோ.

‘ஆயிடும் சார்’ சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

“தெரியும் உனக்கு” என்றேன். மரியாதையெல்லாம் போய்விட்டது.

“மன பிரிக்கறப்ப லேஅவுட் போட்டது நான்தாம்மா. மூணு கெணறு. கெணறு இருந்தா அனுமதிக்கு லேட்டாவும், பிளான்லருந்து எடுத்துட முடியுமான்னு மன விக்கறவங்க கேட்டாங்க.”

“நீ இன்னா சொன்ன?”

அதை அவர் சொல்ல வேண்டியதில்லை. சட்டைப் பையில் இருந்த பிளேடு மடிப்பை மட்டும் ஒருமுறை தொட்டுக்கொண்டார். “அவங்க மில்லு சாம்பலக் கொட்டி மூடிட்டாங்க” என்றார்.

“அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல?”

“சொன்னேனேம்மா. வேணாம்னு.”

“காரணம் கேட்டேனே!”

“நாக்கு வர்லம்மா” என்றார். பெரிய மனுஷன், தேம்பித் தேம்பி அழுதார். எனக்கு அடிக்கத்தான் கை ஓங்கியது. பக்கத்தில் மாமா உயிரோடு கிடந்ததால் விட்டேன்.

மறுநாள் ஒரு பழைய டிரேசிங்கைச் சுருட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். அதற்குப் பிறகு அவரைக் காணோம். மேலே அறை பூட்டிக் கிடக்கிறது. திருவண்ணாமலையில் மகள் வீட்டில் இருக்கிறார் என்கிறார் ஜெராக்ஸ் கடைக்காரர். செத்துப்போய்விட்டார் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். டிரேசிங்கைச் சும்மா பார்த்தால் மனை மனையாகக் கட்டம்தான் தெரியும். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மூன்று இடத்தில் காகிதம் தேய்ந்து, வட்டமாக, பளிச்சென்று இருக்கும். ஒன்று எங்களுக்குக் கிழக்கே. ஒன்று ரோட்டில். மூன்றாவது, எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீட்டுக்குப் பின்பக்கம்.

மலையிலிருந்து இறங்கிவந்த என் வீட்டுக்காரர் பள்ளத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு சொன்னார்: “யாரு கேட்டாலும் செப்டிக் டேங்க் ஒடஞ்சிடுச்சின்னு சொல்லு. கெணறுன்னு வாயத் தொறந்த, இந்த வூடு ஜென்மத்துக்கும் விக்காது. அப்பாவ வெச்சிக்கினு இதுலயே கெடக்கணுமா?” லோடு லோடாகக் கல்லைக் கொட்டி, மேலே கான்கிரீட் போட்டு மூடினோம். புரோக்கரிடமும் சொல்லியாயிற்று. மாமா கூடத்தில் படுத்திருக்கிறார். பின்படியில் நாங்கள் இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு இறங்குகிறோம்.

மாசிக் கடைசியில் நாலாவது வீட்டுக்காரி ஜாக்கெட் துணியோடு வந்தாள். மகளுக்கு வளைகாப்பு. கல்யாணமான முதல் வருஷமே நின்றிருக்கிறது என்று பூரித்துப் போயிருந்தாள்.

“பிரசவத்துக்கு இங்கதான்க்கா வருது. பின்பக்கம் ஒரு ரூமும் பாத்ரூமும் இழுக்கறோம். போன்லயே பர்மிஷன் வந்துடுச்சிக்கா, பாரேன்!”

இஞ்ச் டேப்பைக் கீழே வைத்தேன்.

“வேணாம்மா” என்றேன்.

“இன்னாக்கா?”

“பின்பக்கம் வேணாம். மாடில போட்டுக்கங்க.”

“புள்ளத்தாச்சி மாடி ஏறுவாளாக்கா? ஏன் வேணாம்ன்ற?”

கூடத்தில் என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். வெள்ளிக்கிழமை வீடு பார்க்க ஆள் வருவதாக இருந்தது. டிரேசிங் பீரோவில் இருந்தது, எழுந்து இரண்டடி வைத்தால் எடுத்துவிடலாம். நான் வாயைத் திறந்தேன். கிணறு என்று சொல்ல இரண்டு விநாடி ஆகுமா? நாக்கு வரவில்லை.

“மாசமா இருக்கறப்ப வூட்டு வேல ஆரம்பிக்கக் கூடாதுன்னுவாங்களே, அதுக்குச் சொன்னேன்” என்றேன்.

“அவ வேற வூட்டுக்குப் போன பொண்ணுதானக்கா, நம்மளுக்கு அது கெடையாது. ஐயர்கிட்டயும் கேட்டாச்சி” என்று சிரித்தாள். “எல்லாம் ஆயிடும்க்கா.”

அறை கட்டி முடித்துப் பால் காய்ச்சினார்கள். குழந்தை பிறந்து பதினைந்து நாள் ஆகிறது. எங்கள் வீடு இன்னும் விற்கவில்லை. ஆடி போகட்டும் என்கிறார் புரோக்கர். நேற்று மத்தியானம் மைதாப் பசை காய்ச்சி ஒரு டப்பா மூடியில் எடுத்துக்கொண்டேன். அவர் கொடுத்த டிரேசிங்கின் ஓரத்திலிருந்து ஒரு பட்டை கத்தரித்துக்கொண்டேன். நாலாவது வீட்டுக்குப் போய், பழைய சுவரும் புதுச் சுவரும் சேருகிற இடத்தில் ஒட்டித் தேதி எழுதினேன். மலைப் பக்கம் மேகம் கட்டியிருந்தது.

“இன்னாத்துக்கு அது, அத்தே?” என்று கட்டிலிலிருந்து கேட்டாள் அந்தப் பெண். “உள்ள வாங்க, கொழந்தயப் பாருங்க.”

“இருக்கட்டும்மா” என்றேன், நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்றபடி. “இங்கருந்தே தெரியுது.”